போயர் யுத்தமும் லண்டன் பத்திரிகைகளும்

யுத்தம் நடக்கும் இடம் ஒன்று. யுத்தத்தைப் பற்றிய பேச்சு நடக்கும் இடம் வேறொன்று. பீரங்கி முழக்கம் காதில் விழாத தூரத்திலிருந்துகொண்டு, தம் பெயரால் நடைபெறும் போரைக் குறித்து ஒரு தேசத்தார் அபிப்பிராயம் கொள்ளும்போது, அவர்களுக்குக் கண்ணும் காதுமாக நிற்பது பத்திரிகையே. அக்கண் எவற்றைக் கண்டது, எவற்றைக் காணாது விட்டது என்று ஆராய்வது, அப்போர் முடிந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் வீண் வேலையாகாது. நாள்தோறும் பத்திரிகை படித்தே உலகத்தை அறியும் நமக்கு அது மிகவும் வேண்டிய ஆராய்ச்சி என்றே கருதுகிறோம்.

இதற்கு உதாரணமாக 1899 அக்டோபர் 11 முதல் 1902 மே 31 வரை தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். போயர் என்போர் டச்சு வமிசத்தைச் சேர்ந்த குடியேறிய வெள்ளையர். திரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் இரு குடியரசுகள் அவர்கள் வசமிருந்தன. 1886-இல் திரான்ஸ்வாலில் பெருந் தங்கச்சுரங்கங்கள் கண்டறியப்பட்டதிலிருந்து அந்நாட்டின் மீது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கண் மீண்டும் விழுந்தது. முடிவில் போர் மூண்டது. இவ்வளவும் சரித்திரம் படித்தோர் அறிந்தது. அப்போரை லண்டன் நகரத்து அச்சுக்கூடங்கள் எவ்வாறு நடத்தின என்பதே இங்கு நம் விஷயம்.

இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பயனாக, எழுத்தறிந்த புதியதொரு தலைமுறை தோன்றியிருந்தது. அத்தலைமுறையை நம்பி ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்பவர் 1896 மே மாதத்தில் 'டெய்லி மெயில்' பத்திரிகையைத் தொடங்கினார். விலை அரைப்பென்னி. பழைய பெரும் பத்திரிகைகள் பாராளுமன்றப் பிரசங்கங்களைப் பத்தி பத்தியாக அச்சிட்ட காலத்தில், இப்புதிய பத்திரிகை சிறுசிறு செய்திகளையும் பரபரப்பான தலைப்புகளையும் தந்தது. போர் அதற்கு ஒரு பெரும் வாய்ப்பாயிற்று. போர்க்காலத்தில் அதன் விற்பனை பத்து லட்சம் பிரதிகளை நெருங்கியது. பிரிட்டனில் வேறெந்தத் தினசரியும் அதுவரை கண்டறியாத தொகை அது.

போர் தொடங்கி மூன்று வாரமாவதற்குள், 1899 அக்டோபர் 31-இல், கவிஞர் ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய ஒரு பாட்டை அப்பத்திரிகை வெளியிட்டது. போருக்குச் சென்ற சாதாரணச் சிப்பாயின் மனைவி மக்களுக்குப் பொருளுதவி தேடுவது அதன் நோக்கம். அதற்கு இசையும் அமைக்கப்பட்டது; கொட்டகைகளில் பாடப்பட்டது; ஏறத்தாழ இரண்டரை லட்சம் பவுன் வசூலாயிற்று. ஏழைச் சிப்பாயின் குடும்பத்திற்குச் சோறிட்ட தர்மத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் இலக்கிய விமர்சனம் செய்வோர் ஒன்றை நோக்கவேண்டும். அப்பாட்டு வாசகனிடம் காசு கேட்டது, கருத்துக் கேட்கவில்லை. சிப்பாய் ஏன் அனுப்பப்பட்டான், யாருடைய லாபத்திற்காக என்ற வினா அங்கே எழவில்லை. வாசகனும் ஒரு ஷில்லிங்கைப் போட்டுவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று வீடு திரும்பினான். இரக்கத்தைத் தூண்டி விசாரணையை உறங்கவைக்கும் இம்முறை, பொய் கூறுவதிலும் வலிமை மிக்கது. பொய்யை ஒருநாள் மறுத்துவிடலாம். இரக்கத்தை எவ்வாறு மறுப்பது?

பத்திரிகைகளின் இப்போக்கை அக்காலத்திலேயே ஆராய்ந்து எழுதியவர் ஜே. ஏ. ஹாப்சன். 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகை 1899-இல் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபின் 1901-இல் அவர் ஜிங்கோ மனோபாவத்தின் தத்துவம் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஜிங்கோ என்பது போர்வெறி கலந்த தேசாபிமானத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். 1878-இல் லண்டன் பாட்டுக்கொட்டகைகளில் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து பிறந்த சொல். ஹாப்சன் நூலின் சிறந்த பகுதி, செய்தி எங்கிருந்து புறப்படுகிறது என்று அவர் தேடிச் செல்லும் பகுதியே. தென்னாப்பிரிக்காவின் முக்கியமான ஆங்கிலத் தினசரிகள் சுரங்க முதலாளிகளின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தன. அவற்றை நடத்தியவர்களும் அவற்றிலிருந்து செய்தி பெற்றவர்களுமே லண்டனுக்குத் தந்தியடித்தார்கள் என்று அவர் காட்டினார். உதாரணம் தேடி நாம் அலையவேண்டியதில்லை. 1899-இல் ஜோகன்னஸ்பர்க் 'ஸ்டார்' பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்த மோனிபெனி என்பவரே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கும் அங்கே நிருபராயிருந்தார். லண்டன் வாசகன் நாலு பத்திரிகை வாங்கிப் படித்து, நாலும் ஒரே விதமாகக் கூறுவதைக் கண்டு, இது உண்மையாகவே இருக்கவேண்டும் என்று நம்பினான். நாலு குழாயிலும் வரும் தண்ணீர் ஒரே தொட்டியினுடையது என்பதை அவன் எவ்வாறு அறிவான்?

ஆனால் ஹாப்சனையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட இயலாது. அவரிடம் இரு பெருங் குறைகள் உண்டு. சுரங்க முதலாளித்துவத்தின் குற்றத்தை ஆராயப் புகுந்த அவர், பல இடங்களில் அதனை யூதர் என்னும் ஓர் இனத்தின் குற்றமாக எழுதிவிட்டார். பணத்தின் செயலை ஆராயவேண்டிய எழுதுகோல் பிறப்பின் மேல் பழிபோடும்போது, அது தான் எதிர்க்கும் வெறியோடு உறவு கொண்டாடிவிடுகிறது. இரண்டாவது குறை, பொதுமக்களைச் சிந்தனையற்ற ஒரு கும்பலாக அவர் மதிப்பிட்டது. ரிச்சர்ட் பிரைஸ் என்னும் சரித்திராசிரியர் 1972-இல் வெளியிட்ட நூலில், தொழிலாளரின் சங்கங்களையும் தேர்தல்களையும் ஆராய்ந்து, தெருவில் கூத்தாடிய கும்பல்களில் குமாஸ்தாக்களும் நடுத்தர வகுப்பு வாலிபர்களுமே மிகுதி என்றும், உழைப்பாளிகளுக்குத் தங்கள் கூலியும் குடியிருப்புமே பெரிய கவலையாயிருந்தன என்றும் எடுத்துக்காட்டினார். கூச்சலிட்டவர் யாராயினும் பழி மட்டும் பாட்டாளியின் தலைமேல் ஏற்றப்படுவது எங்கும் உள்ள வழக்கம்தானே!

இனி எதிர்க்குரல் எழுப்பியவர்களைப் பார்ப்போம். அவர்கள் இல்லாமற்போகவில்லை. டபிள்யூ. டி. ஸ்டெட் போரை எதிர்ப்பதற்கென்றே ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 'டெய்லி கிரானிக்கிள்' ஆசிரியர் மாஸிங்ஹாம் போர் எதிர்ப்பை விடமறுத்ததால் 1899 நவம்பரில் அப்பதவியை விட்டு நீங்கினார். 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியரும் பாராளுமன்ற அங்கத்தினருமான சி. பி. ஸ்காட் வாசகர்களை இழந்தார். அவர் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் போலீஸ் காவல் வேண்டியதாயிற்று. 1901 டிசம்பர் 18-இல் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் பேசப் போன லாயிட் ஜார்ஜ், மண்டபத்தைச் சூறையாடிய கூட்டத்திடமிருந்து போலீஸ்காரர் உடை தரித்துத் தப்பிச் சென்றார். பின்னர் பிரிட்டனின் பிரதம மந்திரியானவர் இவரே.

இவர்களுக்கு எதிரிகள் இட்ட பெயர் 'போயர் கட்சிக்காரர்' என்பது. இப்பெயரின் தந்திரத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். போர் நியாயமா என்று கேட்டவனை, நீ எதிரியின் ஆளா என்று திருப்பிக் கேட்டுவிட்டால், அவன் முதலில் கேட்ட கேள்வி காற்றில் போய்விடுகிறது. பின்பு அவன் வாழ்நாளெல்லாம் தன் ராஜபக்தியை நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். 1900-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், அரசாங்கம் இழக்கும் ஒவ்வோர் ஆசனமும் போயர்களுக்கு லாபம் என்பதே ஆளுங்கட்சியாரின் கோஷமாயிற்று. விவாதம் அத்தோடு முடிந்தது. அரசாங்கம் பெரும்பான்மை பெற்றது.

இதற்கு மாற்று எவ்வாறு கிடைத்தது என்பதும் நம் சிந்தனைக்குரியது. போரை ஆதரித்து வந்த 'டெய்லி நியூஸ்' பத்திரிகை 1901-இல் போர் எதிர்ப்பாளர் கைக்கு மாறியது. லாயிட் ஜார்ஜ் முன்னின்று ஏற்பாடு செய்ய, கோக்கோ வியாபாரியும் குவேக்கர் சமயத்தவருமான ஜார்ஜ் காட்பரி பணம் கொடுத்தார். பழைய ஆசிரியர் வெளியேறினார். பத்திரிகையின் கொள்கையும் மாறியது. நல்ல காரியமே. ஆயினும் நேற்று வரை போரைப் புகழ்ந்த பத்திரிகை இன்று அதனை இகழ்வது, வாதத்தில் தோற்றதனால் அன்று, விலைபோனதனால் என்றால், அந்நாட்டில் அபிப்பிராய சுதந்திரம் யார் சொத்து? நியாயமும் தனக்கொரு பணக்காரனைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

போரின் இரண்டாம் பகுதியில் போயர்கள் சிறுசிறு படைகளாகப் பிரிந்து மறைந்திருந்து தாக்கினர். அவர்களுக்கு உணவும் உதவியும் கிடைக்காதபடி பிரிட்டிஷ் சேனை அவர்களுடைய பண்ணை வீடுகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் கூடாரங்களில் அடைத்தது. சர்க்கார் இவற்றிற்கு 'அகதி முகாம்' என்று பெயர் சூட்டியது. வீட்டைக் கொளுத்தியவனே வீடிழந்தவளுக்கு அடைக்கலம் தந்தவனாகக் காட்சியளித்தான்! 1901 மார்ச் மாதத்தில் ஸ்காட்டும் ஜான் எல்லிஸ் என்பவரும் பாராளுமன்றத்தில் வேறொரு பெயரை வழங்கினர். கியூபாவில் ஸ்பானியர் மக்களைத் திரட்டி அடைத்த கொடுமையிலிருந்து எடுத்த 'திரட்டு முகாம்' என்ற பெயர் அது. பின்னாளில் உலகமே அஞ்சி நடுங்கிய சொல்லாயிற்று. ஒரு பெயரை மாற்றுவது சிறு காரியம் என்று எண்ணாதீர். அகதி முகாமில் குழந்தை மாண்டால் அது விதி. திரட்டு முகாமில் மாண்டால் அது குற்றம்.

எமிலி ஹாப்ஹவுஸ் என்னும் மாது 1901-இன் தொடக்கத்தில் அம்முகாம்களை நேரில் கண்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம் அறிக்கையை வெளியிட்டார். போதிய உணவில்லை, சவுக்காரமில்லை, தண்ணீர் அசுத்தம், கூடாரத்தில் நெருக்கடி, தொத்துநோய் என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். அவ்வறிக்கையின் சிறப்பு அதன் நடையில் இருக்கிறது. ஆவேச மொழி குறைவு. எத்தனை பேர், என்ன ரேஷன், எத்தனை படுக்கை என்ற கணக்கே மிகுதி. போர்ப் பத்திரிகைகள் அவரை உணர்ச்சி மிகுந்த பேதை என்று தூற்றின. ஆனால் கணக்கைத் தூற்ற முடியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் காம்பெல் பானர்மன் 1901 ஜூன் 14-இல், இவை காட்டுமிராண்டித்தனமான முறைகள் என்று பகிரங்கமாகக் கூறினார். சர்க்காரும் மிலிசன்ட் பாசெட் அம்மையார் தலைமையில் பெண்கள் கமிஷன் ஒன்றை அனுப்ப நேர்ந்தது. அக்கமிஷனும் குறைகளை ஒப்புக்கொண்டது. மரணங்கள் பின்பு குறைந்தன. அதற்குள் போயர் முகாம்களில் மாண்டோர் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களில் 22,000 பேருக்கு மேல் குழந்தைகள். அதே 1901 அக்டோபரில் ஹாப்ஹவுஸ் மறுபடியும் கேப்டவுன் சென்றபோது அவரைக் கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

இவ்வளவு தூரம் வந்த கதை, தைரியமுள்ள சிறுபான்மையோர் உண்மையை வெளிப்படுத்திய கதையாகத் தோன்றும். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. வீரம் மிக்க அச்சிறுபான்மையோரும் பெரும்பாலும் காணாது விட்ட மக்கள் கூட்டம் ஒன்று அதே மண்ணில் இருந்தது. ஆப்பிரிக்கக் கறுப்பு மக்களும் வீடுவாசலிலிருந்து பெயர்க்கப்பட்டு வேறு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களின் தொகை ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே பதிவான மரணங்கள் மட்டும் 14,000-க்கு மேல். பதிவு அரைகுறையாக இருந்ததால் உண்மைத் தொகை 20,000-க்குக் குறையாது என்று பிற்காலச் சரித்திராசிரியர் கருதுகின்றனர். ஹாப்ஹவுஸ் அம்மையார் இம்முகாம்களின் நிலையையும் யாராவது போய்ப் பார்க்கவேண்டும் என்று குறிப்பிட்டார், தாம் போகவில்லை. பாசெட் கமிஷனும் அவற்றை ஆராயவில்லை. போரை ஆதரித்த பத்திரிகைக்கும் எதிர்த்த பத்திரிகைக்கும் இது இரு வெள்ளையினத்தாரின் சண்டை. கறுப்பன் அச்சண்டை நடக்கும் நிலத்தின் ஒரு பாகம், மலையும் மரமும் போல.

மாபெகிங் நகர முற்றுகையை இதற்குச் சான்றாகக் கூறலாம். 217 நாள் முற்றுகைக்குப் பின் 1900 மே 17-இல் அந்நகர் மீட்கப்பட்டது. மறுநாள் இரவு செய்தி எட்டியதும் லண்டன் நகரம் தெருவுக்கு வந்து ஆடியது. அவ்வாரவாரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு புது வினைச்சொல்லே பிறந்தது. அம்முற்றுகையில் உணவு பங்கிடப்பட்டபோது வெள்ளையருக்கு ஒரு நீதி, கறுப்பருக்கு வேறொரு நீதி. வெளியூரிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்த ஆப்பிரிக்கர் பட்டினியால் வாடினர். ஒருசில நிருபர்கள் அதை எழுதவே செய்தார்கள். ஆயினும் வெற்றிக் கூத்தில் அவ்வரிகள் அமிழ்ந்துபோயின.

அந்நகரில் அப்போது சால் பிளாட்ஜே என்னும் 23 வயது ஆப்பிரிக்க வாலிபர் இருந்தார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ராய்ட்டர் நிருபருக்குச் செய்திகளை டைப் அடித்துக் கொடுப்பதும் அவரே. பகலில் பிறருக்காக அடித்த கை, தனக்காக ஒரு நாட்குறிப்பும் எழுதியது. குண்டு விழுந்ததையும், தானியம் குறைந்ததையும், தம் மக்கள் காவல் நின்றதையும், சிரிப்பதற்குரியதைச் சிரிப்போடும் அதில் எழுதி வைத்தார். முற்றுகையைப் பற்றி வெள்ளையர் எழுதிய புத்தகங்கள் உடனுக்குடன் லண்டனில் அச்சாயின. பிளாட்ஜேயின் நாட்குறிப்பு அச்சேறியது 1973-இல். அவர் மறைந்ததோ 1932-இல். நிருபரின் செய்தி போர்க்காலத்திலேயே லண்டன் சென்றது. அதே அறையில் இருந்தவரின் சாட்சியம் வெளிவர எழுபதாண்டுக்கு மேலாயிற்று. இவ்வித்தியாசத்தில் அக்காலத்துப் பொதுவிவாதத்தின் லட்சணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விவாதத்தில் எண்ணப்படாதவன் உடன்படிக்கையிலும் எண்ணப்படுவதில்லை. 1902 மே 31-இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு, சுதேசிகளுக்கு வாக்குரிமை தரும் விஷயம் அந்நாடுகளுக்குச் சுயாட்சி வந்தபின்னரே ஆலோசிக்கப்படும் என்றது. சுயாட்சி வெள்ளையர் கைக்கு வந்தது; ஆலோசனை வரவில்லை. 1913-இல் ஆப்பிரிக்கருடைய நிலவுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் எல்லா மக்களும் சேர்ந்து வாக்களித்தது 1994-இல்தான். பத்திரிகையில் விடுபட்ட ஒரு வரிக்கு ஒரு ஜனசமூகம் செலுத்திய விலை இது.

நம்மவருக்கும் இப்போரில் ஒரு பங்குண்டு. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர். காந்தியார் 1899-இல் திரட்டிய வைத்திய சேவைப் படையில் சுமார் 1,100 பேர் சேர்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர். கொலென்ஸோவிலும் ஸ்பியோன் காப்பிலும் காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்து மைல் கணக்காக நடந்தார்கள். பத்திரிகைகள் அவர்களைப் புகழ்ந்தன. தலைவர்களுக்குப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத தொழிலாளி மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய மூன்று பவுன் வரி, புகழ்ச்சியால் ஒரு பென்னியும் குறையவில்லை. 1913-இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, சிறைசென்று, உயிரையும் கொடுத்த பின்னரே 1914-இல் அது ஒழிந்தது. பத்திரிகையின் புகழ்மாலை வேறு, எண்ணப்படுவது வேறு.

ஆகையால்தான் போர் ஓய்ந்தவுடன், எண்ணப்படாதோர் தமக்கெனப் பத்திரிகைகள் கண்டார்கள். பிளாட்ஜே மாபெகிங்கில் தம் சுவானா மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த பத்திரிகைக்கு ஆசிரியரானார். டர்பனில் 1903-இல் 'இந்தியன் ஒப்பீனியன்' தோன்றியது. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகியவற்றோடு தமிழ்ப்பகுதியும் அதில் இருந்தது. பிறர் ஏட்டில் தம் பெயரைத் தேடிச் சலித்தவர், தம் ஏட்டைத் தாமே தொடங்கினார்கள். தமிழ்ப் பத்திரிகையை வெறும் பொழுதுபோக்காக எண்ணுவோர் இதை மறக்கலாகாது.

ஆனால் இங்கும் ஒரு பாடம் பாக்கியுண்டு. அதே 'இந்தியன் ஒப்பீனியன்' தன் தொடக்க ஆண்டுகளில் இந்தியருக்கு உரிமை கேட்கும்போது, ஆப்பிரிக்கரைத் தாழ்த்திப் பேசிய இடங்கள் உள்ளன. எங்களை அவர்களோடு சேர்க்காதீர் என்பதே அக்குறிப்புகளின் சாரம். எண்ணப்படாதவன் எண்ணப்பட விரும்பினான்; தனக்குக் கீழே ஒருவனை எண்ணாமல் விட்டே அவ்விடத்தைப் பிடிக்க முயன்றான். நோய் முதலாளியின் பத்திரிகையில் மட்டும் இருப்பதன்று என்பதை இது தெளிவாக்குகிறது.

பத்திரிகையைப் படிக்கையில் நாலு கேள்விகளைக் கேட்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். இச்செய்தி யார் வாயிலிருந்து புறப்பட்டது? இதற்குக் காசு கொடுப்பவர் யார்? துன்பத்திற்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது? இந்தக் கணக்கில் விடுபட்டவர் யார்? முதல் மூன்றையும் ஹாப்சனும் ஸ்காட்டும் ஹாப்ஹவுஸும் அவரவர் வழியில் கேட்டார்கள். நாலாவது கேள்வியில்தான் பலரும் தவறினர்.

அக்கேள்வியை நம் வாயிலுக்கும் கொண்டுவருவோம். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய மலேசியத் தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். அவர்களின் கூலி என்ன, குடியிருப்பு எத்தகையது, நோய் வந்தால் போக்கிடம் ஏது என்று நம் தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன? ஒரு காலத்தில் நம்மைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று நாம் வருந்தினோம். அவ்வருத்தம் உண்மையாயின், இன்று எழுதுகோல் நம் கையிலிருக்கும்போது அதைக்கொண்டு யாரை எண்ணுகிறோம் என்பதைத் தோழர்கள் சிந்திப்பார்களாக.